மூன்றாவது மெழுகுதிரி

ஒஸ்லோவில் ஃபுருசெத் பக்கத்துத் தமிழர்களிடம் போய், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் மக்டலீனைத்தான் சொல்வார்கள். உடனே அவளை ஊமைக்கோட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் கறி அடிப்பிடிக்கும்வரை கதைப்பாள். மீன் விற்கிற விலை, சுவாமியாருடைய நீண்ட பிரசங்கம், மேல்வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சுவரில் துளை போடுகிற அநியாயம் என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். ஆனால் ஒரு விடயத்தைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டாளோ, நீங்கள் தலைகீழாக நின்றாலும் அது வெளியே வராது. வாயிலிருந்து மட்டுமல்ல, முகத்திலிருந்தும் வராது. அந்த முகத்தை நம்பித்தான் ஒரு வீடு நிறைய ஆட்கள் வருடக்கணக்காகக் கோப்பா அமெரிக்கா பார்த்தார்கள்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். தென்னமெரிக்க நாடுகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் உதைபந்தாட்டப் போட்டிதான் கோப்பா அமெரிக்கா. நோர்வேக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழருக்கும் இல்லை. ஆனாலும் மன்னாரிலும் குருநகரிலும் தீவுப் பகுதியிலும் பிறந்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, ஞானஸ்நானம் கொடுக்கும்போதே பிரேசிலையோ ஆர்ஜென்டீனாவையோ யாரோ காதில் ஓதிவிடுகிறார்கள் போலும். அதன் பிறகு அது மாறுவதில்லை. மதம் மாறிக் கல்யாணம் செய்தவர்கள் ஒஸ்லோவில் இருக்கிறார்கள். ஆர்ஜென்டீனாவிலிருந்து பிரேசிலுக்கு மாறியவர் ஒருவரும் இல்லை. மக்டலீனின் கணவர் பேனாட், ஊர்காவற்றுறைக்காரர், பிரேசில். அவருடைய கூட்டாளி அருளானந்தனும் பிரேசில். டாக்சி ஓட்டும் லூக்காஸ், பேனாட்டைக் கூடப்பிறந்த அண்ணனுக்கு மேலாக மதிப்பவன், ஆனால் ஆர்ஜென்டீனா. அந்த ஒரு குறைக்காக அவனை யாரும் வீட்டுக்குள் எடுக்காமல் விட்டதில்லை.

சிக்கல் எல்லாம் நேரத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் பின்னேரம் ஆட்டம் என்றால் இந்தப் பக்கத்தில் விடியப்புறம். கண்முழித்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போன காலமும் இருந்தது. பேனாட் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்தியவர் ஸ்ரியரிங்கில் தலையை வைத்து நித்திரையாகிப்போக, ஏற வந்த சனம் கண்ணாடியில் தட்டி எழுப்பியது. அன்றோடு அவர் ஒரு சட்டம் போட்டார். ஆட்டத்தைப் பதிவுசெய்து வைப்பது. முடிவு காதில் விழாமல் எல்லோரும் நல்லபிள்ளைகளாக நித்திரைகொண்டு, வேலைக்குப் போய் வந்து, அல்லது பூசை கண்டுவிட்டு வந்து, பின்னேரம் ஒன்றாக இருந்து பார்ப்பது. அதுவரை ஒருவரும் போனைத் திறக்கக் கூடாது, செய்தி கேட்கக் கூடாது, தெரிந்தவன் ஒருவன் அகப்பட்டால் அவன் வாய் திறக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. வீடியோ கசட் காலத்தில் தொடங்கியது, இன்னும் நடக்கிறது.

இந்த வாய்ப்பூட்டிலே மக்டலீனுடைய இடம்தான் விசேசம். அவள் வார இறுதிகளில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அங்கே ஓட்வார் என்று ஒரு கிழவர். இளமையில் கப்பலில் தென்னமெரிக்கத் துறைமுகமெல்லாம் சுற்றியவர். கோப்பா வந்துவிட்டால் அந்த மனிதருக்கு நித்திரை கிடையாது. காலையில் மக்டலீன் கோப்பியோடு போனால், வணக்கம் சொல்வதற்கு முன்னமே முடிவைச் சொல்லிவிடுவார். ஆக, அந்தக் கூட்டம் முழுவதிலும் முடிவு தெரிந்த ஒரே ஆள் அவள். தெரிந்துகொண்டே வீட்டுக்கு வருவாள், தெரிந்துகொண்டே கணவாய்க் கறி வைப்பாள், தெரிந்துகொண்டே பரிமாறுவாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, அவளிடமிருந்து ஒன்றும் கசிந்ததில்லை.

அதற்காக அவர்கள் முயலாமல் விட்டார்கள் என்றில்லை. பிரேசில் தோற்ற நாளில் மக்டலீனுடைய கறிக்கு உப்புக் கூடுகிறது என்று லூக்காஸ் ஒரு கண்டுபிடிப்புச் செய்தான். அவன் அருளானந்தனுக்கு அதைக் குசுகுசுத்தது அவளுக்கும் கேட்டது. அடுத்த ஆட்டத்தில் பிரேசில் வென்றிருந்தது. அவள் வேண்டுமென்றே ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள். லூக்காஸ் முதல் வாயை வைத்ததுமே ஆர்ஜென்டீனாக்காரன் போலச் சிரித்தான், ஆட்டம் முடிந்தபோது சிரிப்பு அடங்கிப்போனது. அதற்குப் பிறகு அவளை ஆராய்ச்சி செய்வதை விட்டுவிட்டார்கள்.

"எனக்கு வேலையிலை தவுஷெட்ஸ்ப்ளிக்த் இருக்கு," என்பாள் அவள். நோயாளிகளைப் பற்றி வெளியே மூச்சுக்காட்டக் கூடாது என்ற நோர்வேச் சட்டத்தைத்தான் சொல்கிறாள். "உங்கடை பந்துக்கும் அதுதான்."

பொதுவாகப் பார்த்தால் அவளுக்குப் பந்து ஒரு பொருட்டே இல்லை. மன்னாரிலிருந்து கல்யாணம் செய்து வந்து இறங்கியது வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலை ஊரில். குளிரில் விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டி, மொழி படித்து, ஒஸ்லோவுக்கு மாறி, பிள்ளை பெற்று, திரும்பவும் படித்து, தாதிமாரோடு சேர்ந்து நிற்கும் வேலைக்கு வந்தவள். பேனாட்டும் சிநேகிதரும் திரையைப் பார்க்கும்போது அவள் அவர்களைப் பார்ப்பாள். முடிவு தெரிந்தவளுக்குத்தானே அது வாய்க்கும். பத்து நிமிடத்தில் கோல் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டு, அது தெரியாத மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அதிலும் பேனாட்டின் முகம். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத் தானே தமிழில் வர்ணனை செய்வார். "குடுக்கிறான், வாங்கிறான், டேய் அங்கை ஒருத்தனும் இல்லையடா" என்று அவர் போடும் சத்தத்தில் மேல்வீட்டுக்காரனின் துளைபோடும் மெசினே தோற்றுப்போகும்.

அந்த மனிதருக்குத்தான் போன மாசிமாதம் பாரிசவாதம் அடித்தது.

உயிர் தப்பியது. வலது கை சோர்ந்துபோனது, கால் தடியின் உதவியோடு நடந்தது. ஆனால் பேச்சு போய்விட்டது. நீங்கள் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கும். பதில் மனதில் இருக்கும். வாய்க்கு வரும் வழியில் சொல் எங்கேயோ தொலைந்துவிடும். "ஓம்," "இல்லை," "தண்ணி" என்று ஒற்றைச் சொற்கள் மிஞ்சின. அவற்றில்கூட ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று வரும். லில்லெஸ்ட்ரோமில் ஆசிரியையாக இருக்கும் மகள் றெபேக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலேறி வருவாள். அவளைக் கண்டதும் அவருடைய உதடு அவள் பெயரைத் தேடித் தேடி அசையும். கடைசியில் "தண்ணி" என்று வந்துவிழும். அவள் சிரித்துக்கொண்டே போய்த் தண்ணீர் எடுத்துவருவாள். அவர் அந்தக் கோப்பையைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவார். மக்டலீன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பேருக்கும் தெரியாமல் குசினிக்குள் போய் அவளும் அழுவாள்.

லோகோபெட், அதாவது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நோர்வேப் பெண், கிழமைக்கு இரண்டு தரம் வந்தாள். படம் காட்டினாள், பொருள் காட்டினாள், பாட்டுப் பாட வைத்தாள். பேனாட் கோபத்தில் படங்களைத் தள்ளிவிட்டார். வைகாசி முழுவதும் அப்படித்தான் போனது.

கோப்பா வந்தது. இந்த முறை வாய்ப்பூட்டு வேண்டாம் என்று அருளானந்தன் சொன்னார். மக்டலீன் விடவில்லை. "அவருக்குக் காது கேக்குது, கண் தெரியுது. நீங்கள் வாங்கோ." வந்தார்கள். பிரேசிலின் முதல் ஆட்டம். பழக்கதோசத்தில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தே இருந்தது. வர்ணனை சொல்ல ஆள் இல்லை என்று தெரிந்தும், சத்தத்தைக் கூட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்த வீட்டில் முதல்தடவையாக ஒரு ஆட்டத்தை மூச்சுக்காட்டாமல் இருந்து பார்த்தார்கள். கோல் ஒன்றும் விழவில்லை. பேனாட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது ஆட்டம் பரகுவேயோடு. அதுவும் அதே மௌனம். பிரேசில்காரன் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு இடப்பக்கம் ஓடினான், நடுவில் இன்னொருவன் தனியே நின்றான். அப்போது கதிரையிலிருந்து குரல் வந்தது.

"அவனுக்குக் குடு."

இரண்டு சொல். ஒன்றோடொன்று பொருந்திய, அர்த்தமான இரண்டு சொல். திரையில் என்ன நடந்தது என்று பிறகு கேட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. லூக்காஸ் வாயைப் பொத்திக்கொண்டான். பேனாட்டுக்கே தான் சொன்னது தெரிந்ததோ என்னவோ, அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆட்டத்தைக் கெடுத்தவர் அருளானந்தன். கொலம்பியாவோடு ஆட்டம் சமநிலையில் முடிந்ததை வேலைத்தலத்தில் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். நல்ல மனிதர், ஆனால் முகம் கண்ணாடி. கதவைத் திறந்து உள்ளே வந்ததுமே பேனாட் அந்த முகத்தை வாசித்துவிட்டார். அன்றைக்கு முழு ஆட்டமும் ஒரு முனகல்கூட இல்லை. பாதியில் கண்ணை மூடிக்கொண்டார்.

மக்டலீன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். முடிவு தெரியாதபோது சொல் வந்தது, தெரிந்தபோது வரவில்லை. லோகோபெட்டிடம் கேட்டாள். உணர்ச்சி மிஞ்சும்போது சிலருக்குச் சொற்கள் தாமாக வருவதுண்டு, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம் என்றாள் அந்தப் பெண். நம்பாமல் இருக்க மக்டலீன் என்ன கல்லா? அடுத்தது காலிறுதி, உருகுவேயோடு. தோற்றால் பிரேசில் வீட்டுக்குப் போய்விடும், அடுத்த கோப்பாவுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த ஓர் ஆட்டத்தையாவது அவர் ஒன்றும் தெரியாமல் இருந்து பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு நாளும் அவள் புனித அந்தோனியாரைக் கும்பிட்டாள். பிரேசில் வெல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. வாய்ப்பூட்டு உடையக் கூடாது என்றுதான் கேட்டாள்.

காலிறுதி ஞாயிறு விடியப்புறம் நடந்தது. காலையில் அவள் கோப்பியோடு போனபோது ஓட்வார் கட்டிலில் எழும்பியிருந்தார். "பாவம் உன்னுடைய புருசன்," என்றார் நோர்வே மொழியில். கோல் இல்லாமல் இழுபட்டு, பெனால்டி உதையில் உருகுவே வென்றுவிட்டதாம்.

மக்டலீன் கோப்பியை மேசையில் வைத்தாள், அவருக்கு ஒரு பிஸ்கட்டைக் கூடுதலாகக் கொடுத்தாள், வேலையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பேனாட்டுக்குச் சவரம் செய்துவிட்டாள். அவர் கண்ணாடியில் அவளுடைய முகத்தை ஆராய்ந்தார். "பாக்காதேங்கோ, ஒண்டும் இல்லை அங்கை," என்றாள். அவருடைய வாயோரம் சற்றே விரிந்தது. கணவாயைக் கழுவி வைத்துவிட்டு, சேலை உடுத்துக்கொண்டு, றெபேக்காவையும் கூட்டிக்கொண்டு மூவருமாகத் தமிழ்ப் பூசைக்குப் புறப்பட்டார்கள்.

இந்த இடத்தில் அந்தோனியாருக்கும் கோப்பாவுக்கும் உள்ள தொடுப்பைச் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலில் ஒரு பக்கமாக அந்தோனியார் சுருபம் இருக்கிறது. ஆட்டத்தைப் பார்த்து முடித்த பிறகு, அடுத்த பூசையில், வென்ற கட்சிக்காரர் நன்றியாக அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றுவார். பிரேசில் என்றால் திரியின் கழுத்தில் மஞ்சள் றிபன், ஆர்ஜென்டீனா என்றால் இளநீலம். பேனாட் வீட்டுத் திரியை ஏற்றுவது மக்டலீன். கோப்பா முடியும்வரை அந்த மஞ்சள் றிபன் அவளுடைய கைப்பையின் பிடியில் கட்டியிருக்கும். லூக்காஸ் சும்மா இருப்பானா, அவன் ஒரு புதுவழக்கத்தையும் சேர்த்துக்கொண்டான். ஆர்ஜென்டீனா வென்றால் ஒரு திரி, பிரேசில் தோற்றாலும் ஒரு திரி. சுவாமியாருக்கு இது அரைகுறையாகத் தெரியும். பக்தி எந்த வழியாக வந்தாலும் சரி என்று விட்டுவிட்டார்.

பேனாட்டுக்கு நடக்கக் கஷ்டம் என்பதால் அவர்கள் வழமையாக அந்தோனியாருக்கு அருகில் உள்ள வாங்கில் இருப்பார்கள். அன்றும் போய் இருந்தார்கள். பூசை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. லூக்காஸ் வேலை உடுப்போடேயே உள்ளே வந்தான். நேரே அந்தோனியாரிடம் போனான். இளநீல றிபன் கட்டிய திரி ஒன்றை எடுத்து ஏற்றினான். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆர்ஜென்டீனா வெள்ளிக்கிழமையே தன் காலிறுதியை வென்றிருந்தது, அதை எல்லோரும் சேர்ந்து பார்த்தும் விட்டார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டான். பிறகு சேட்டுப் பையிலிருந்து இன்னொரு திரியை எடுத்தான். அதிலும் இளநீல றிபன். அதையும் ஏற்றினான்.

நடந்தது இதுதான். காலையில் விமான நிலையத்திலிருந்து அவன் ஏற்றிவந்த இளைஞன் பிரேசில் பனியனைப் போட்டுக்கொண்டு பின்சீற்றில் விம்மி விம்மி அழுதிருக்கிறான். லூக்காஸ் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். லூக்காஸ் கெட்டவன் இல்லை. வாய்ப்பூட்டுப் போட்டபடிதான் கோயிலுக்கு வந்தான். வாயைப் பூட்டியவன் கையைப் பூட்ட மறந்துபோனான். சந்தோசம் வந்தால் திரி ஏற்றிப் பழகிய கை அது.

அருளானந்தன் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். மக்டலீன் அவரைப் பார்க்கவில்லை, பேனாட்டைத்தான் பார்த்தாள். அவருடைய கண் முதல் திரிக்குப் போனது. இரண்டாவது திரிக்குப் போனது. அங்கேயே நின்றது. இடது கையில் பிடித்திருந்த பாட்டுப் புத்தகம் மடியில் சரிந்தது. அருளானந்தனின் முகத்தை வாசித்த அன்றைக்கு வந்த அதே சலிப்பு, கதவைச் சாத்துவதுபோல, அவர் முகத்தில் இறங்கத் தொடங்கியது.

நான்கு மாதமாக அந்த முகத்துக்கு முன்னால் நின்று, ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்தவள். அந்த ஒரு நொடியில் லூக்காஸின் கன்னத்தைப் பொத்தி அறையவேண்டும் போல அவளுக்கு இருந்தது. அறைந்தால் விடயம் இன்னும் உறுதியாகிவிடும்.

அவள் பொய் பேசுகிற பெண் இல்லை. சொல்லாமல் விடுவதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் இந்தப் பக்கத்தில் சீவித்தவள். உடம்பு சுகமில்லை என்று வேலைக்கு ஒரு பொய் ரெலிபோன்கூட எடுக்காதவள். அப்படிப்பட்டவள் எழும்பினாள். கைப்பையின் பிடியிலிருந்த மஞ்சள் றிபனை அவிழ்த்தாள். சுருபத்துக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே உயரமான திரியாகப் பார்த்து எடுத்தாள். அதன் கழுத்தில் றிபனைக் கட்டினாள். முடிச்சை இறுக்கினாள். லூக்காஸின் திரியிலேயே நெருப்பு எடுத்து, அவனுடைய இரண்டுக்கும் நடுவில் தன்னுடையதை நட்டாள்.

லூக்காஸ் அவளை வாய் பிளந்து பார்த்தான். பிரேசில் தோற்றது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். இந்த மனுசிக்கு என்ன நடந்தது?

"அக்கா..."

"வாயை மூடு," என்றாள் அவள், சுருபத்தைக் கும்பிட்டபடியே, உதடு அசையாமல். "அண்ணை பாத்துக்கொண்டிருக்கிறார்."

அப்போதுதான் அவன் தான் ஏற்றிய இரண்டாவது திரியைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. ஆனால் கெட்டிக்காரன், சமாளித்துக்கொண்டான். திரும்பி, அருளானந்தனுக்குக் கேட்கிற சாட்டில் கோயில் பாதிக்கும் கேட்கச் சொன்னான்: "ஒண்டு வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு. மற்றது என்ரை முதுகு நோவுக்கு. அந்தோனியார் சுகப்படுத்தினவர்."

மக்டலீன் தன் இடத்துக்கு வந்து இருந்தாள். மனதுக்குள், "அந்தோனியாரே, கோவிக்காதையும்," என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். பேனாட் மூன்று திரிகளையும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தன்னுடைய பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்தாள். மஞ்சள் திரியை ஏற்றியவள் மக்டலீன், முடிவு தெரிந்தவள். நீலத் திரியில் இரண்டாவதை ஏற்றியவன் லூக்காஸ், அவன் உளறுவாயன். யாரை நம்புவது? பேனாட்டின் புருவம் நெரிந்தது. மனிதர் குழம்பிப்போனார். அந்தக் குழப்பம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பூசை முடிந்து, வீட்டுக்கு வந்து, சோறும் கணவாயும் சாப்பிட்டு, எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். றெபேக்கா அப்பாவின் காலடியில் நிலத்தில் இருந்தாள். லூக்காஸ் ஒரு மூலையில் ஒடுங்கிப்போய் இருந்தான். ஆட்டம் ஓடியது. வழமைபோலத் தொலைக்காட்சிக்குச் சத்தம் இல்லை. வழமைபோல மக்டலீன் திரையைப் பார்க்கவில்லை.

அடியும் பிடியுமான ஆட்டம். கோல் விழுகிற சாடையே இல்லை. இரண்டாவது பாதியில் உருகுவேக்காரன் ஒருவனுக்குச் சிவப்பு மட்டை காட்டினார்கள். பேனாட் கதிரையில் நிமிர்ந்தார். எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தும் பிரேசிலால் ஒரு கோல் போட முடியவில்லை. அவருடைய இடது கை கதிரைப் பிடியைக் குத்திக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் ஏதோ உருண்டது, வெளியே வரவில்லை. மக்டலீனுக்கு அது போதாது. இன்னும் பெனால்டி இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். லூக்காஸுக்கும் தெரியும், ஆனால் அவன் அன்றைக்கு இல்லாத ஆள் மாதிரி.

பெனால்டி உதை தொடங்கியது. உருகுவே போட்டது. பிரேசிலின் முதல் உதையை உருகுவேயின் காப்பாளன் தடுத்துவிட்டான்.

"ஐயோ," என்றார் பேனாட்.

றெபேக்கா அசையாமல் இருந்தாள். உருகுவே திரும்பவும் போட்டது, பிரேசிலும் ஒன்று போட்டது, உருகுவே மூன்றாவதையும் போட்டது. பிரேசிலின் அடுத்த உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. "போச்சு," என்றார். அடுத்து உருகுவேக்காரன் உதைத்ததைப் பிரேசிலின் காப்பாளன் பாய்ந்து தடுத்தான். "தடுத்திட்டான், தடுத்திட்டான்," என்றார் பேனாட், குரல் உடைந்து, பாதி எழும்பியபடி. மக்டலீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிரேசில் ஒன்று போட்டது. இன்னும் உயிர் இருந்தது. உருகுவேயின் கடைசி ஆள் வந்தான், உதைத்தான், பந்து வலைக்குள் போனது.

முடிந்துவிட்டது. திரையில் உருகுவேக்காரர்கள் ஓடினார்கள். அருளானந்தன் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பிரேசில் தோற்றதற்கு லூக்காஸும் தலை குனிந்தான்.

பேனாட் லூக்காஸைப் பார்க்கவில்லை. கதிரையில் மெல்லத் திரும்பி, கதவு நிலையில் நின்ற மக்டலீனைப் பார்த்தார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. உதடு அசைந்தது, தேடியது, பிழையான ஒன்றில் இடறியது, அதைத் தள்ளிவிட்டு மறுபடியும் தேடியது.

"நீ," என்றார். "நீ... அந்தோனியாருக்கு... பொய் சொன்னனி."

எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, குற்றச்சாட்டும் இருந்தது. மாசிமாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் முழு வசனம் அது, மனைவிக்குக் கிடைத்த ஏச்சு.

இத்தனை வருடம் ஒரு கோலைக்கூடக் காட்டிக்கொடுக்காத அந்த முகம் அப்படியே உடைந்துபோனது. மக்டலீன் எல்லோருக்கும் முன்னால் அழுதாள். அழுதுகொண்டே போய் அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.

"ஓம், சொன்னனான்," என்றாள். "இன்னொருக்காப் பேசுங்கோ."

அவர் அவளை முறைத்தார். "கோயிலுக்குள்ளை," என்றார், ஒவ்வொரு எழுத்தாக இழுத்து. "வெக்கமில்லை."

"இல்லை. இன்னும் பேசுங்கோ."

லூக்காஸுக்குப் பொறுக்கவில்லை. மூலையிலிருந்து எழும்பி வந்தான். கண்ணும் மூக்கும் ஒழுக நின்றான். "அண்ணை, பிழை முழுக்க என்னிலை. அக்காவைப் பேசாதேங்கோ, என்னைப் பேசுங்கோ."

பேனாட் அவனை மேலும் கீழும் பார்த்தார். நிறைய நேரம் எடுத்தது. "நீ," என்றார், "டாக்சி ஓட்டு. திரி... கொளுத்தாதை."

அருளானந்தன் சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் நின்றார். அவரையும் பேனாட் விடவில்லை. விரலை நீட்டி, "உன்ரை மூஞ்சி," என்றார். மிச்சம் வரவில்லை. வராவிட்டால் என்ன, அருளானந்தனுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பின்னேரம் அந்த வீட்டில் எல்லோரும் வரிசையில் நின்று பேச்சு வாங்கினார்கள்.

றெபேக்கா நிலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, நான் ஒண்டும் செய்யேல்லை," என்றாள். "எண்டாலும் என்னையும் பேசுங்கோ."

பேனாட் மகளைப் பார்த்தார். அவளை ஏசுவதற்கு ஒன்று தேடினார். கோபம் ஏற்கனவே கரைந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது. அது எந்தச் சொல்லில் போய் முடியும் என்று மக்டலீனுக்குத் தெரியும். தண்ணீர் எடுத்துவர அவள் எழும்பப் போனாள்.

"றெபேக்கா," என்றார் அவர்.

மக்டலீன் எழும்பவில்லை.